ஐஸ் வைத்துப் பார்த்து வாங்கிய ஃபிரிட்ஜ்

1

கவிதா, செல்வராசு, பூங்கொடி, இன்னும் நான் முகம் பார்க்காத சின்னவனே,

உங்கள் நாலு பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்து இந்தச் சித்திரையோடு ஒரு வருஷம் ஆகிறது. ஃபிரிட்ஜுக்கு வருஷம் எண்ணுகிற அப்பன் வேறு எங்காவது இருப்பானா என்று செல்வராசு சிரிப்பான். சிரிக்கட்டும். அந்தப் பெட்டி எதற்காக வந்தது, அதைத் தேர்ந்தெடுக்கும்போது அத்தனை பேர் முன்னால் உங்களை ஏன் வெட்கப்பட வைத்தேன் என்பதை நீங்கள் என் கையெழுத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று உங்கள் கேசட் வந்ததில் இருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் கவிதா திருத்திக்கொள்.

மஸ்கட்டில் இருந்து லாரியில் அரை நாள் தள்ளி, மலையை உடைத்து ரோடு போடுகிற இடத்தில் எங்கள் கேம்ப் இருக்கிறது. ஊரில் போர்க்கிணறு போடுகிற ரிக் வண்டியில் ஓட்டிய அதே கம்ப்ரசரைத்தான் இங்கேயும் ஓட்டுகிறேன். அங்கே கீழ்நோக்கித் துளை போட்டேன், இங்கே பக்கவாட்டில் போடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியில் ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு பக்கம் அரபி, மறு பக்கம் இங்கிலீஷ். கடைசியில் ரெண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில் கோடு போட்டால் இன்னும் ரெண்டு வருஷம். இரண்டாவதில் போட்டால் டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதற்கு முன் ரெண்டு தடவையும் முதல் கட்டத்தில்தான் கோடு போட்டேன். மூன்றாவது தாள் போன வாரமே வந்துவிட்டது. நாளைக் காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்கும் நம் ஃபிரிட்ஜுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

2

ரெண்டரை வருஷத்துக்கு முன் உங்கள் அம்மா முதன்முதலாகக் கோழிக்குஞ்சு இறக்கியது உங்களில் பெரிய ரெண்டு பேருக்கு ஞாபகம் இருக்கும். நாமக்கல்லைச் சுற்றி எல்லாத் தோட்டத்திலும் அப்போது கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. சேந்தமங்கலம் ரோட்டில் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நாலு இருந்தது. நான் அனுப்பிய பணத்தில் நாமும் ஒரு கொட்டகை போட்டோம். முன்னூறு குஞ்சு. அது பிழைத்தால் நான் வந்துவிடுவதாகப் பேச்சு.

குஞ்சுக்குக் கழிச்சல் நோய் வராமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்து குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து. உங்கள் அம்மா நாமக்கல்லில் இருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வாங்கி வருவாள். பஸ் கூட்டத்தில் நின்றுகொண்டு, ஃபிளாஸ்கைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு. பாதி மருந்தை அன்றைக்கே கொடுத்துவிட்டு மீதியை அடுத்த முறைக்கு ஈர மணலுக்குள் பானையில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த குளிர் அதுதான். மாசியில் கழிச்சல் வந்தது. எட்டே நாளில் கொட்டகை காலி. கோழி டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை எனக்கு அப்படியே எழுதியிருந்தாள்: "நீங்க மருந்து குடுத்தது நெசந்தாம்மா. மருந்துக்குள்ள உசுரு இல்லியே."

அந்தக் கடிதம் வந்த மாதம்தான் இரண்டாவது தாள் வந்தது. முதல் கட்டத்தில் கோடு போட்டேன்.

3

எங்கள் கேம்பில் தோமா என்று ஒருவர் இருக்கிறார். கோட்டயத்துக்காரர். கம்பெனியின் ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் அவர் கையில்தான் உயிர் வாழ்கின்றன. போன வருஷம் லீவுக்குக் கிளம்புவதற்கு முன் அவரிடம் போய் உட்கார்ந்தேன். வீட்டில் ஆள் கூடிக்கொண்டே போகிறது, பாலும் மாவும் வைக்க வேண்டும், கோழி மருந்தும் வைக்க வேண்டும், கரண்ட் குறைவாகத் தின்ன வேண்டும், ஒரு நாளில் பாதி நேரம் கரண்டே இருக்காது, எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டேன்.

"ராமசாமியண்ணா, பெயிண்டைப் பாக்காதே. மொதல்ல கதவைப் பாரு, அப்புறம் சுவரைப் பாரு," என்றார். ஒரு நோட்டில் படம் போட்டுக் காட்டினார். சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே பிடித்த குளிர் வெளியே போகாது. குளிர் போகாவிட்டால் மோட்டார் அடிக்கடி ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் கரண்ட் மிச்சம். கதவு ரப்பர் இறுக்கமாக இருக்க வேண்டும். ஐஸ் தானாக உருகுகிற மாதிரி சில பெட்டிகளில் உள்ளே ஹீட்டர் கம்பி வைத்திருக்கிறார்கள், அது வேண்டாம். மேலே ஐஸ் பெட்டி தனிக் கதவோடு பெரிதாக இருக்க வேண்டும். அதில் தண்ணீர் பாட்டில்களை நிறைத்து உறைய வைத்துவிட்டால், கரண்ட் போன பிறகும் அந்த ஐஸ் கீழே இருப்பதைக் காப்பாற்றும். "அந்த ஐஸ்தான் உன்னோட பேட்டரி," என்றார்.

அந்தத் தாளை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். மெட்ராஸ் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி பாஸ்போர்ட்டை விரித்தபோது அது கீழே விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா இது, வெடிகுண்டா?" என்றார். "ஃபிரிட்ஜுங்க," என்றேன். "எங்கே?" என்றார். "இனிமேல்தான் வாங்கணுமுங்க." அவர் என் பெட்டி முழுவதையும் கொட்டித் தேடினார். தாளில் படம் வரைந்து கொண்டுவருகிறவன் சாமானையும் எங்கேயோ ஒளித்திருப்பான் என்று நினைத்தார் போலிருக்கிறது.

4

சேலத்துக்கு அஞ்சு பேரும் போனோம். கடையின் பெயர் உங்களுக்கே தெரியும், எழுதவில்லை. பஸ்ஸில் பூங்கொடி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள். அம்மா காதில் ஏதோ கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே அவள் வாயைப் பொத்தினாள். பிறகு என்னவென்று நான் கேட்டேன். "இவங்க எப்போ திரும்பிப் போவாங்கன்னு கேக்கறாளுங்க," என்றாள். விவரம் தெரிந்து அவள் என்னைப் பார்த்தது அந்த மாதம்தான். அவள் மேல் தப்பில்லை. சாமான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் நான் அவளுக்கு இருந்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் செல்வராசு ஓடிப்போய் நின்றது சிவப்புப் பெட்டி முன்னால். ரெண்டு கதவு, வெள்ளிக் கைப்பிடி, உள்ளே திறந்தால் நீல விளக்கு. கவிதாவுக்கும் அதுதான் பிடித்தது. பக்கத்தில் வெள்ளையாக ஒன்று. அதற்கும் ரெண்டு கதவு, அதே உயரம், ஆனால் பீரோ மாதிரி கனத்த தோற்றம்.

நான் பஸ் டிக்கெட்டை எடுத்து சிவப்புப் பெட்டியின் கதவிடுக்கில் வைத்து மூடினேன். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. வெள்ளைப் பெட்டியில் வைத்து இழுத்தபோது டிக்கெட் கிழிந்தது. சிவப்பின் பின்னால் போய்க் குனிந்து தகட்டில் எழுதியிருப்பதைப் படித்தேன். ஹீட்டர் இருந்தது. செல்வராசுவிடம் காட்டினேன்.

"குளுரு பண்ற பொட்டிக்குள்ள எதுக்குங்கப்பா சூடு பண்ற கம்பி?" என்றான். நல்ல கேள்வி.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. பக்கத்துத் தெரு ஐஸ் கடையில் இருந்து ஒரே அளவில் ரெண்டு கட்டி வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் சொன்னேன்: "ரெண்டு பொட்டியிலயும் கரண்ட்டைப் புடுங்கி உடுங்க. தட்டத்துல ஆளுக்கொரு கட்டி வெச்சுச் சாத்துங்க. மூணு மணி நேரம் கழிச்சு எது மிச்சம் இருக்குதோ அதை எடுத்துக்கறேன்."

கடைக்காரர் கணக்கு நோட்டை மூடினார். "அண்ணா, நானும் பதினஞ்சு வருஷமா கடை வெச்சிருக்கேன். நீங்க மாடு வாங்க வந்தீங்களா, ஃபிரிட்ஜ் வாங்க வந்தீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் உங்கள் அம்மா சொன்னாள்: "மாடா இருந்தா இந்நேரம் பல்லப் புடிச்சுப் பாத்துட்டு ஓட்டிட்டுப் போயிருப்போமுங்க. இதுக்குப் பல்லு இல்லீங்களே."

கடையே சிரித்தது. கடைக்காரரும் சிரித்தார். சிரித்த பிறகு அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

மூன்று மணி நேரம் கடைப் படியில் உட்கார்ந்தோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அங்கேயே பிரித்தோம். வருகிற போகிற ஆட்கள் எல்லாம் கேட்டார்கள். வேலையாட்கள் ரெண்டு பேர் சிவப்பு ஜெயிக்கும், வெள்ளை ஜெயிக்கும் என்று டீக்குப் பந்தயம் கட்டினார்கள். நடுவில் ஒரு வேலையாள் கதவைத் திறந்து பார்க்கப் போக, நான் அரபிக்காரன் மாதிரி "மாஃபி, மாஃபி" என்று கத்திவிட்டேன். கூடாது என்கிற சொல் அவசரத்தில் என் வாயில் தமிழில் வரவில்லை. கவிதா எழுந்து எதிர்ச் சாரியில் இருந்த துணிக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவளோடு படிக்கிற பெண்ணின் அப்பா அந்த வழியாகப் போனாராம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இந்த மூன்று மணி நேரத்துக்கு வெட்கப்பட்டால் இன்னும் ரெண்டு வருஷம் நான் மலையை உடைக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இதை அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் கவிதா. சொல்லத் தெரியவில்லை.

கடைக்காரரே கதவைத் திறந்தார். சிவப்பில் எலுமிச்சம்பழ அளவு ஐஸ் தண்ணீரில் மிதந்தது. வெள்ளையில் அரைமூடித் தேங்காய் அளவு இருந்தது. கடைக்காரர் ரெண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். "பதினஞ்சு வருஷமா எனக்கே தெரியாதுங்கண்ணா," என்றார்.

5

வெள்ளைப் பெட்டியை வண்டியில் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுவந்தோம். ஒரு நாள் முழுக்கச் சும்மா நிற்க வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட்டோம். லீவு முடிய இருந்த பன்னிரண்டு நாளும் நான் அந்தப் பெட்டிக்குப் பாடம் நடத்தினேன். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. சூடான குழம்பை வைக்கக் கூடாது. அடிக்கடி திறக்கக் கூடாது. ஒறம்பரைக்காரங்க, சொந்தபந்தம் வந்தால் காட்டுவதற்காகத் திறக்கவே கூடாது. மேல் கதவுக்குள் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர், அதை யாரும் குடிக்கக் கூடாது. மருந்துக்கு நடுத்தட்டு, பக்கத்தில் பால் வைக்கக் கூடாது. எல்லாம் சொன்னதாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஐப்பசியில் அம்மா மறுபடி குஞ்சு இறக்கினாள். சின்னவன் வயிற்றில் ஏழாவது மாதம். கவிதாதான் தண்ணீரில் மருந்து கலக்கி வைத்ததாக எழுதியிருந்தாள். தையில் சின்னவன் பிறந்தான். பங்குனியில் வந்த கடிதத்தில் ரெண்டே வரி: "மேக்கால தோட்டத்தில் கழிச்சல் வந்துவிட்டது. நம்முது இதுவரைக்கும் நன்றாக இருக்கிறது." அதற்குப் பிறகு ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தாள் மட்டும் வந்தது. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

இங்கே எங்களுக்கும் ஒரு ஃபிரிட்ஜ் உண்டு. எட்டு பேருக்கு ஒன்று. தட்டில் ஆளுக்கு ஓர் இடம், இடத்துக்கு முன்னால் பிளாஸ்டரில் அவனவன் பெயர். என் பெயர் ஆறு வருஷமாக ரெண்டாம் தட்டில் வலது ஓரத்தில் இருக்கிறது. மை மங்கினால் மேலேயே மறுபடி எழுதிக்கொள்வேன். சாமானுக்குக் கிடைக்கிற இடம் அதுதான். இப்போது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், முருகையன் என்று. அவருக்கு இடமில்லை. தயிரை வாளித் தண்ணீரில் மிதக்க விடுகிறார்.

6

நேற்றுக் காலை ராசிபுரத்துக்காரர் ஒருவர் லீவு முடிந்து திரும்பியபோது உங்கள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வேலைக்குக் கிளம்புகிற நேரம். சட்டை போட்டுக்கொண்டே முதல் பக்கத்தைப் போட்டேன்.

செல்வராசு ரேடியோவில் செய்தி படிக்கிறவர் மாதிரி "அன்புள்ள அப்பாவுக்கு" என்று ஆரம்பித்தான். பூங்கொடி பாட்டுப் பாடினாள், பாதியில் மறந்து போனாள். பின்னால் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம் கேட்டது. நம் வீட்டுச் சத்தம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போது தூரத்தில் கிணற்று மோட்டார் கிளம்புகிறது. உடனே கவிதா குரல்: "டேய் செல்வராசு, மோட்டார் போட்டுட்டாங்க, ஃபிரிட்ஜை நிறுத்துடா." டக் என்று ஒரு சத்தம். உறுமல் நின்றது.

"ஏன்க்கா, பேசி முடிச்சுட்டு நிறுத்தலாமில்ல?"

"அப்பா சொல்லியிருக்காங்கல்ல. மோட்டார் ஓடையில ஊட்டுல ஒண்ணும் ஓடக்கூடாது. தெனமும் செய்யறதுதானே, இன்னிக்கு மட்டும் என்ன?"

நான் சட்டைப் பித்தானைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அது நான் சொன்னதுதான். ஆறு வருஷத்துக்கு முன், முதல் தடவை கிளம்புகிற அன்றைக்கு. நம் லைனில் மோட்டார் போட்டால் வீட்டு பல்பு குங்குமப் பொட்டு மாதிரிச் சிவந்து போகும். மோட்டார் புகைந்துவிடுமோ என்கிற பயத்தில், அது ஓடும்போது வீட்டில் எதையும் போடக் கூடாது என்று கவிதாவிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. ஃபிரிட்ஜுக்கு அத்தனை பாடம் நடத்தினவன், இந்தப் பழைய பேச்சை எடுத்துவிடச் சொல்ல மறந்துவிட்டேன். லீவில் இருந்தபோது வாய்க்கால் வேலை நடந்ததால் மோட்டாரே ஓடவில்லை, அதனால் கண்ணிலும் படவில்லை. தண்ணீர் பாய்ச்சுகிற நேரம் ஆறு மணி நேரம். அதோடு கரண்ட் இல்லாத நேரம். ஒரு வருஷமாக தினமும் அந்தப் பெட்டி பாதி நாள் செத்துக் கிடந்திருக்கிறது. மருந்தும் அதற்குள்தான் இருந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கழிச்சல்.

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். கேசட் ஓடி முடிந்திருந்தது. திருப்பிப் போட நேரமில்லை.

அன்று முழுக்க மலையில் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் எனக்குக் கேட்டது அந்த டக் சத்தம்தான். டிரங்க் கால் போடலாம் என்றால் நம் ஊரில் போன் இருக்கிற வீட்டுக்கு ஆள் அனுப்பி, அம்மா வந்து நிற்பதற்குள் லைன் போய்விடும். மத்தியானம் சாப்பிடும்போது தோமாவிடம் சொன்னேன்.

"ஆறு மணி நேரமா," என்று விரல் விட்டு எண்ணினார். "பாட்டில் நெறஞ்சிருந்தா சமாளிக்கும். யாராவது அதை எடுத்துக் குடிச்சிருந்தா மருந்து போச்சு."

கோழி செத்திருந்தால் முதல் கட்டத்தில் கோடு போடுவது, மறுபடி குஞ்சு வாங்குவது, அதுவும் செத்தால் மறுபடி வாங்குவது என்று லாரியில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நான் பக்கத்தில் இல்லாமல் வளர்கிற பிள்ளைகள் என் பேச்சை எங்கே ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று ஆறு வருஷம் வருத்தப்பட்டவன் நான். ஞாபகம் வைத்திருந்ததால் இப்படி ஆனது என்றால் யாரைக் கோபிப்பது?

7

சாயங்காலம் கை கால் கூடக் கழுவாமல் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். தோமாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அம்மா குரல். "ஏனுங்க, நல்லாருக்கீங்களா? புள்ளைங்க பேசி பதினஞ்சு நாளாச்சு, இப்பத்தான் எனக்கு ஒழிஞ்சுது. மேக்கால தோட்டத்துல அத்தனையும் போயிருச்சுங்க. நம்ம கொட்டாயில ஒண்ணுகூடச் சாகலைங்க. டாக்டர் வந்து பாத்துட்டு, மருந்தை எங்கம்மா வெச்சிருந்தீங்கன்னு கேட்டாரு. ஊட்டுலதானுங்கன்னேன். நம்பவே இல்லீங்க, உள்ளார வந்து பொட்டியப் பாத்தாரு. முட்டை எறங்க ஆரம்பிச்சிருச்சுங்க." நடுவில் ஒரு குழந்தை அழுதது. "இவந்தானுங்க சின்னவன். அழுவறதுல உங்களாட்டமே இல்ல, எங்கப்பனாட்டம்." பிறகு, "இரு இரு, கவிதா என்னமோ சொல்லோணுமாம்."

கவிதா குரல், செல்வராசு மாதிரிச் செய்தி வாசிக்காத குரல்: "அப்பா, மோட்டார் ஓடையில ஃபிரிட்ஜை நிறுத்திடறோமுங்க. நீங்க பயப்படாதீங்க. மோட்டார் நின்னதும் மேல் கதவை சித்தே தொறந்து, பாட்டில்ல ஐஸ் இருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டுத்தானுங்க மறுபடி போடறேன். சேலத்துல நீங்க பாத்தீங்கல்ல, அது மாதிரி. ஒரு நாள்கூட முழுசாக் கரையலைங்கப்பா. செல்வராசு ரெண்டு தடவை பாட்டிலை எடுத்துக் குடிக்கப் பாத்தான், கையில அடிச்சு வாங்கி வெச்சேன்."

துணிக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்ற பெண் இது. அன்றைக்கு அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

தோமா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

கவிதா, உண்மையில் மோட்டார் ஓடும்போது நிறுத்தவே வேண்டியதில்லை, கரண்ட் குறைந்தால் பெட்டியோடு சேர்த்து வாங்கிய ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும். மேல் கதவை தினமும் திறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் நான் வந்து நேரில் சொல்கிறவரைக்கும் நீ செய்கிறபடியே செய். வழி தெரிந்த கை உன்னுடையது. பூங்கொடியிடம் சொல், அவள் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை வேறு பதில் என்று.

தாளை எடுத்து இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டேன். பேனா அழுத்தியதில் அடுத்த பக்கத்து அரபி எழுத்தின் மேலும் தடம் விழுந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கேம்பின் சமையற்கட்டுக்குப் போனேன். எல்லோரும் வெளியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள், உள்ளே யாரும் இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து ரெண்டாம் தட்டின் வலது ஓரத்தில் இருந்த என் தயிர் டப்பாவையும் ஊறுகாயையும் வெளியே எடுத்தேன். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தேன். ஆறு வருஷத்துப் பிளாஸ்டர் லேசில் வரவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் முழுசாக உரித்து எடுத்தேன். பிறகு வாளியில் மிதந்த முருகையனின் தயிரை எடுத்து அங்கே வைத்து, குளிர் போகாமல் கதவைச் சாத்தினேன்.